ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஹாஸ்டல் வைஃபை படுத்துவிடுகிறது. லைனை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினால் தீருமா?

நான்காம்_செம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு ஓசூர் ரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் ஹாஸ்டல். தரைத்தளமும் அதுக்கு மேல 3 மாடியும். தளத்துக்கு 24 ரூம், ரூமுக்கு 3 பேர், மொத்தம் 288 பேர். ஒவ்வொரு தளத்திலும் வராந்தா சீலிங்கில் வரிசையா 3 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்புற பெட்டி), ஆக 12. எல்லாமே வைஃபை 5. கீழே ஆபீஸ் பக்கத்தில் பூட்டிய சின்ன ரூமில் ஒரு ஸ்விட்ச், ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், 500 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன்.

காலை 6 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 80, 90 வருது. ராத்திரி 9லிருந்து 12 வரை 1 அல்லது 2. சிக்னல் கோடு மட்டும் வராந்தாவில் முழுசா நிக்கும். சில பேர் போனில் "ஐபி முகவரியைப் பெறுகிறது" என்றே சுத்திக்கிட்டு இருக்கும், கனெக்டே ஆகாது. மாசக் கடைசியில் இது எல்லாத்துக்கும் மேல, விடியற்காலையிலும் மெதுவா இருக்கு.

சர்வீஸ் ஆள் பகல் 11 மணிக்குத்தான் வர முடியும், ஆறு மணிக்கு மேல் வெளியாளுக்கு ஹாஸ்டலில் அனுமதி இல்லை. அவர் வரும்போது எல்லாரும் கிளாஸில். "ஃபுல் ஸ்பீடு வருதே" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வார்டன் மேடம் கன்னடத்தில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) என்கிறார்.

இப்போ ஆபீஸில் லைனை 1 ஜிபிபிஎஸ் ஆக்கப் போறாங்களாம். ஆளுக்கு செமஸ்டருக்கு 600 ரூபாய் கூடுதல். இது உண்மையிலேயே உதவுமா? இல்லை என்றால் நாங்க எதைக் கேட்கணும்? ஹாஸ்டல் கமிட்டியில் இருப்பதால் எழுத்தில் கொடுக்கணும்.

---

கேபிள்_கந்தன் பதில்:

காசு கட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க சிஸ்டர். லைன் பத்தலையா, வைஃபை பத்தலையா, ரவுட்டர் தடுமாறுதான்னு பிரிக்காம எதை மாத்தினாலும் குருட்டடிதான். சர்வீஸ் ஆள் ராத்திரி வர முடியாதுன்னா ராத்திரி அளவை நீங்கதான் எடுக்கணும். ஒரு லேப்டாப், நல்ல கேட்-6 பேட்ச் கார்டு, லேன் சாக்கெட் இல்லாத லேப்டாப்னா ஒரு யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர். இவ்வளவு போதும்.

முதல் அளவு: ராத்திரி 10 மணி வாக்கில் வார்டன்கிட்ட சாவி வாங்கி, ஸ்விட்ச்சில் காலியா இருக்கிற போர்ட்டில் லேப்டாப்பை நேரா செருகுங்க. லேப்டாப் வைஃபையை அணைச்சிட்டு ஸ்பீடு டெஸ்ட். அடாப்டர் "100" என்று லிங்க் காட்டினா கார்டு சரியில்லை. கிகாபிட்டுக்கு நாலு ஜோடி கம்பியும் வேணும், ஒரு ஜோடி போனாலும் 100க்கு இறங்கிடும். அதைச் சரி பண்ணிட்டு அளங்க.

ரெண்டாவது: ரெண்டு பிங் (ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்கிறது) ஒரே நேரத்தில். கமாண்ட் ப்ராம்ப்ட் ரெண்டு திறந்து, ஒண்ணில் ரவுட்டர் முகவரிக்கு (மைக்ரோடிக்கில் வழக்கமா 192.168.88.1, மாத்தியிருந்தா ஐபி-கான்ஃபிக் கட்டளையில் "டிஃபால்ட் கேட்வே" பாருங்க), இன்னொண்ணில் வெளியே இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. ரெண்டுக்கும் "-டி" சேர்த்தா நிக்காம ஓடும். இதை ஸ்விட்ச்சில் ஒரு தடவை, உங்க ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு வைஃபையில் ஒரு தடவை, வராந்தாவில் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழ நின்னு ஒரு தடவை.

படிக்கிறது சுலபம். கேட்வே பிங்கே எகிறுதுன்னா தப்பு உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில, அதாவது வைஃபையில. வெளி லைனை பத்து மடங்கு ஆக்கினாலும் அது மாறாது. கேட்வே 2, 3 மில்லிசெகண்ட்ல அமைதியா இருந்து 8.8.8.8 மட்டும் ஏறினா லைன் அல்லது ரவுட்டர் பக்கம்.

மூணாவது: விண்டோஸில் "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" கட்டளை. சேனல், ரிசீவ் ரேட், சிக்னல் சதவீதம் மூணையும் குறிச்சுக்கங்க. சதவீதத்தைப் பாதியாக்கி 100 கழிச்சா டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) கிடைக்கும். 50% என்றால் −75. வீடியோ காலுக்கு −67க்கு மேல வேணும். −75க்குக் கீழ போனா இழுபறி. மேக்னா ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டு வைஃபை ஐகானைத் தட்டினா நேரா டிபிஎம்மே காட்டும்.

அதோட பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டெல்லாம் எந்தச் சேனல்ல இருக்குன்னு ஆண்ட்ராய்டில் வைஃபைமேன் மாதிரி ஒரு ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. இது எனக்கு முக்கியமா வேணும்.

---

நான்காம்_செம்:

மிக்க நன்றி அண்ணா. நேத்து ராத்திரி 10 மணி சுமாருக்கு எடுத்தது:

ஸ்விட்ச்சில் கேபிள்: டவுன்லோடு 410, அப்லோடு 395. கேட்வே 1க்குக் கீழ். 8.8.8.8 சும்மா இருக்கும்போது 12, டவுன்லோடு ஓடும்போது 180.

இரண்டாம் மாடி கடைசி ரூம், கதவு சாத்தி: சிக்னல் 46%. கேட்வே 40லிருந்து 300 வரை, நடுநடுவே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்". 

வராந்தாவில் நேர் கீழே: சிக்னல் 86%. ஆனா கேட்வே இங்கேயும் 60 முதல் 200!

5 கிகாஹெர்ட்ஸில் எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் சேனல் 36, அகலம் 80. 2.4இல் சிலது 1, சிலது 6, ரெண்டு 3, ஒண்ணு 9. ஐபி கிடைக்காத ஒரு தோழியின் லேப்டாப்பில் முகவரி 169.254 என்று ஆரம்பிக்குது.

---

கேபிள்_கந்தன்:

அவ்வளவுதான், நோய் பிடிபட்டுச்சு. ராத்திரி உச்ச நேரத்திலயும் லைன்ல 410 சும்மா கிடக்கு. 1 ஜிபிபிஎஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு அப்படியே வீண்.

வராந்தாவில் −57 சிக்னல் வச்சுக்கிட்டு கேட்வே பிங் 200 போகுதுன்னா அது தூரப் பிரச்சினை இல்லை, காற்றில இடமில்லாத பிரச்சினை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். உங்க 12 ஆக்சஸ் பாயின்ட்டும் 36இல் 80 அகலத்தில் உட்கார்ந்திருக்கு. நேரான வராந்தாவில் ஒண்ணுக்கொண்ணு தெளிவா கேட்கும். பேருக்குத்தான் 12, ஒரு தளத்தில ஒண்ணு பேசினா மத்தது வாயை மூடிக்கிட்டு காத்திருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டின ஃபேக்டரி செட்டிங்கை யாரும் தொடவே இல்லைன்னு தெரியுது.

அதோட மெதுவான ஆள் பிரச்சினை. ஒரு 1500 பைட் பாக்கெட்டை 300 மெகாபிட் ரேட்ல அனுப்ப 0.04 மில்லிசெகண்ட், 6 மெகாபிட் ரேட்ல அனுப்ப 2 மில்லிசெகண்ட். அம்பது மடங்கு. தளத்துக்கு ஒரே குளியலறை இருந்து ஒருத்தி அரைமணி நேரம் எடுத்துக்கிட்டா வரிசையில இருக்கிற எல்லாருக்கும் லேட்டாகுமே, அதேதான். கடைசி ரூமில் −77ல தொங்கிக்கிட்டிருக்கிற போன்தான் வராந்தாவில் நிக்கிறவங்க வேகத்தையும் தின்னுது. கடைசி ரூம்காரங்க மேல கோபப்படாதீங்க, ஆக்சஸ் பாயின்ட்டை வராந்தாவில் மாட்டினவர் மேல படுங்க.

காசில்லாம செய்யக்கூடியது முதல்ல. ஆக்சஸ் பாயின்ட் கன்ட்ரோலர் (எல்லாப் பெட்டியோட செட்டிங்கையும் ஒரே இடத்தில மாத்துறது) பாஸ்வேர்டு ஆபீஸ்கிட்ட இருக்கும், இல்லாட்டி மாட்டினவர்கிட்ட எழுதி வாங்குங்க. அது ஹாஸ்டலோட சொத்து.

5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை 80லிருந்து 40 ஆக்குங்க. இந்தியாவில் 2018 அக்டோபரில் உரிமம் இல்லாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பெரிசாக்கிட்டாங்க, அதனால 40 அகலத்தில் 12 தனிச் சேனல் கிடைக்குது: 36, 44, 52, 60, 100, 108, 116, 124, 132, 140, 149, 157. உங்ககிட்ட இருக்கிறதும் 12. ஆளுக்கு ஒண்ணு! கன்ட்ரோலரில் நாடு "இந்தியா"ன்னு இருக்கணும், வேற நாடு வச்சா பட்டியல் சுருங்கிடலாம். சில மாடல் 116க்கு மேல 132 வரை நடுவில உள்ளதைக் கொடுக்காது. அப்ப கிடைக்கிறதை வச்சு, ஒரே சேனல் வர்ற ரெண்டு பெட்டியை தரைத்தளத்தில ஒண்ணு, 3ஆம் மாடியில எதிர்க் கோடியில ஒண்ணுன்னு தள்ளிப் போடுங்க. 52லிருந்து 140 வரை உள்ளது ரேடாருக்கு வழிவிடணும்னு விதி. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா ஆக்சஸ் பாயின்ட் உடனே அந்தச் சேனலை விட்டுட்டு 30 நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் போகாது. எச்ஏஎல் விமான நிலையம், யெலஹங்கா விமானப்படைத் தளம் பக்கம் இருக்கிறவங்க ஒரு வாரம் பதிவைப் பார்த்துட்டு, அடிக்கடி துரத்தப்படுற சேனலை மட்டும் எடுத்துடலாம். பயந்துகிட்டு மொத்தமா அணைக்க வேண்டாம்.

2.4இல் சேனல் 3ம் 9ம் வைக்கவே கூடாது. ரெண்டு பக்கமும் இடிக்கும். 1, 6, 11 மட்டும், அகலம் 20 மட்டும். ஒரு தளத்தில் 1-6-11ன்னா மேல் தளத்தில் 6-11-1, அதுக்கு மேல 11-1-6.

பவர்: எல்லாரும் "ஹை"ல வைப்பாங்க. போன் திரும்பப் பேசுற பவர் ஆக்சஸ் பாயின்ட்டை விட ரொம்பக் குறைவு. உங்களுக்கு அது கேட்கும், அதுக்கு நீங்க கேட்காது. கோடு முழுசா, நெட் செத்து. 5 கிகாஹெர்ட்ஸை 17 டிபிஎம் சுமாருக்கும் 2.4ஐ அதை விட 6 குறைச்சும் வைங்க. அப்பத்தான் போன் தானா 5க்குப் போகும்.

கடைசியா, குறைந்தபட்ச ரேட். 1, 2, 5.5, 11 இந்த நாலு பழைய ரேட்டையும் அணைச்சிட்டு 12ஐ அடியா வைங்க. "நான் இங்க இருக்கேன்"னு ஆக்சஸ் பாயின்ட் அறிவிக்கிற பீக்கன்னு ஒண்ணு செகண்டுக்குப் பத்து தடவை, மிகக் குறைந்த ரேட்ல, ஒவ்வொரு எஸ்எஸ்ஐடி பேருக்கும் தனித்தனியா போகும். "ஹாஸ்டல்", "ஹாஸ்டல்-5ஜி", "கெஸ்ட்", "ஸ்டாஃப்"ன்னு நாலு பேர் வச்சிருந்தா ரெண்டாக்குங்க.

இதை மட்டும் செஞ்சாலே வராந்தா கேட்வே பிங் ராத்திரியில் பெரிய அளவில் இறங்கும். கடைசி ரூம் சரியாகாது. அதுக்குப் பெட்டி வேணும், பிறகு எழுதுறேன்.

---

ராம்நாடு_ரவுட்டிங் பதில்:

கந்தன் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் அம்மா எழுதிய கேள்வியில் வைஃபை அல்லாத மூன்று கோளாறுகள் தனியாக இருக்கின்றன. வைஃபையைச் சரிசெய்த மறுநாள் அவை கண்ணுக்குத் தெரியும். "ஒன்றும் மாறவில்லையே" என்று பழி கந்தன் மேல் விழும்.

ஐபி கிடைக்காதது. 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி, ஐபி முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி பதில் தரவில்லை என்பதற்கு அடையாளம். மைக்ரோடிக் முதல் நாள் அமைப்பில் 192.168.88.0/24 இருக்கும், அதில் மொத்தம் 254 முகவரிதான், ரவுட்டருக்கு ஒன்று போக 253. 288 பேர், ஆளுக்கு போன் ஒன்று, லேப்டாப் ஒன்று என்றாலே 576. இதோடு போன்களின் தனிப்பட்ட மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வசதி சேர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் நிஜ மேக்கைக் காட்டுவதில்லை. மறந்துவிட்டு மறுபடி சேர்த்தால் புது ஆளாக வந்து இன்னொரு முகவரியை எடுத்துக்கொள்ளலாம். லீஸ் நேரம் (ஒரு முகவரியை ஒருவருக்கு ஒதுக்கி வைக்கும் காலம்) ஒரு நாள் என்றிருந்தால் போனவர் முகவரியும் மறுநாள் வரை பூட்டிக் கிடக்கும்.

மருந்து: ஐபி, டிஎச்சிபி சர்வர், லீசஸ் பக்கத்தில் எண்ணிக்கை பாருங்கள், 250ஐத் தொட்டு நிற்கும். தளத்துக்கு ஒரு விலான் (அதே ஸ்விட்ச்சுகளுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), ஒவ்வொன்றுக்கும் /23 (510 முகவரி), லீஸ் 4 மணி நேரம். விலான் போடத் தெரிந்தவர் இல்லையென்றால் தற்காலிகமாக ஒரே /22 போதும், 1022 முகவரி. கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசாமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனை இயக்கிவிடுங்கள். ரூமுக்கு ரூம் பிரின்டர் தேடும் சத்தமெல்லாம் காற்றில் ஓடத் தேவையில்லை.

இன்னொரு காரணமும் பார்க்க வேண்டும். ரூம் சுவரில் லேன் சாக்கெட் இருந்து, யாராவது சொந்த ரவுட்டரின் மஞ்சள் லேன் போர்ட்டில் அந்தக் கம்பியைச் செருகினால், அந்தக் குட்டி ரவுட்டர் தளம் முழுக்க 192.168.0.x அல்லது 1.x முகவரிகளை அள்ளி வழங்கும். வாங்கியவர்களுக்கு கனெக்ட் ஆகும், நெட் வராது. ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இயக்கி, ரவுட்டர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்தால் இந்தத் தொல்லை அறவே போகும். அதே இடத்தில் லூப் புரொடெக்ஷனையும் இயக்குங்கள். ஒரே கம்பியின் இரு முனையையும் இரண்டு சாக்கெட்டில் செருகி மொத்த ஹாஸ்டலையும் நிறுத்துவதற்கு ஒரு முதலாம் ஆண்டு மாணவி போதும்.

12லிருந்து 180க்கு ஏறும் பிங். இது பஃபர் வீக்கம். 410 எம்பிபிஎஸ் ஓடுகிறது, ஆனால் யாரோ ஒருவர் 60 ஜிபி கேம் இறக்கினால் மற்ற எல்லார் பாக்கெட்டும் அவர் பின்னால் வரிசையில் நிற்கிறது. மைக்ரோடிக்கில் பிசிக்யூ வரிசை (ஆளுக்கு ஆள் தனி வரிசையாகப் பிரிப்பது) போடுங்கள். டவுன்லோடுக்கு டெஸ்டினேஷன் முகவரி, அப்லோடுக்கு சோர்ஸ் முகவரி வைத்துப் பிரிக்க வேண்டும். பிசிக்யூ ரேட் 0, அதாவது இருப்பதை ஓடுகிறவர்களுக்குச் சமமாகப் பங்கு. மொத்த உச்சவரம்பு லைனின் நிஜ அளவில் 90%. உங்களுக்கு இரு பக்கமும் 360 வையுங்கள். லைனை விடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் வரிசை உங்கள் கையில் இருக்கும், இல்லாவிட்டால் அது கம்பெனி பெட்டிக்குள் நிற்கும். மைக்ரோடிக்கின் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் 7 என்றால் கேக், எஃப்க்யூ-கோடல் என்ற இரண்டு புதிய வரிசை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. பிங் விஷயத்தில் அவை இன்னும் நன்றாக நடந்துகொள்ளும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்குவழி விதி இருந்தால் சிம்பிள் க்யூவைப் பாக்கெட்டுகள் தாண்டிப் போய்விடும். க்யூ போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் அணைக்கவில்லை. அணைத்ததும் சிபியு வேலை கூடும். மைக்ரோடிக்கின் ஹெக்ஸ் போன்ற சின்னப் பெட்டி ராத்திரியில் 100% தொட்டால் அதே கம்பெனியின் வேகமான ஆர்பி5009 வகைக்கு மாற வேண்டும். சிஸ்டம், ரிசோர்சஸ் பக்கத்தில் ராத்திரி 10 மணி சிபியுவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாசக் கடைசி. லைன் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல வீட்டு ஃபைபர் திட்டங்களில் "அன்லிமிடெட்" என்பதன் அடியில் மாதம் 3,300 ஜிபி என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் வேகம் சரியும். 288 பேர் நாளுக்கு ஒரு ஜிபி என்றாலே பன்னிரண்டாம் தேதி அது தீர்ந்துவிடும். உங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிகிறது என்றால் வரம்பு அதைவிடப் பெரிய வணிகத் திட்டமாக இருக்கலாம். எதுவானாலும் வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸ் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் 1 ஜிபிபிஎஸ் பகிர்வு லைனை விட, வரம்பில்லாத 300 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (யாருடனும் பகிராத தனி லைன்) இந்த ஹாஸ்டலுக்கு மேல்.

---

சிங்கிள்_காட்:

ரவுட்டிங் சார், 360ஐ 288 பேருக்குப் பிரிச்சா 1.25தானே வருது? அதுக்கு ஆளுக்கு 5 எம்பிபிஎஸ்னு கேப் போட்டுட்டா சண்டையே இல்லையே?

---

ராம்நாடு_ரவுட்டிங்:

288 பேரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை தம்பி. வீடியோ பார்ப்பவர்கூட சில நொடி இழுத்துவிட்டு நிறுத்துகிறார், பஃபர் தீர்ந்தால் மறுபடி. 720பி வீடியோவுக்கு 3 எம்பிபிஎஸ் போதும். நூறு பேர் ஒரே சமயம் பார்த்தாலும் 300தான்.

கேப் எனக்குப் பிடிக்காது. விடியற்காலை ஆறு மணிக்கு லைன் காலியாகக் கிடக்கும்போதும் பிராஜெக்ட் ஃபைல் ஏற்றுகிறவளை 5இல் கட்டிப்போடும். அவள் வேலை முடிய இன்னும் நேரமாகும், அந்த வேலை ராத்திரி வரை இழுத்துக்கொண்டு வரும். வைஃபை நெரிசலையும் கேப் தீர்க்காது, −77இல் இருக்கும் போனுக்கு 5 எம்பிபிஎஸ் கொடுப்பதற்கே காற்றில் பெரும்பங்கு போய்விடும். வேண்டுமானால் ராத்திரி 9 முதல் 12 வரை மட்டும் ஒருவருக்கு 20 என்று ஷெட்யூலரில் மேல்வரம்பு வையுங்கள். கேம் இறக்கும் ஆளை மட்டும் அது பிடிக்கும்.

---

சிங்கிள்_காட்:

சரி சார். ஆபீஸ் எழுந்து வர்றதுக்குள்ள ரூமில் இருக்கிறவங்க தாங்களே செய்யக்கூடியது:

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், அட்வான்ஸ்டு. "ப்ரிஃபர்டு பேண்ட்" 5 கிகாஹெர்ட்ஸ். லேப்டாப் பழசாகி 2.4 மட்டும் பிடிக்கும்னா புது யுஎஸ்பி வைஃபை அடாப்டர். சட்டைப் பொத்தான் சைஸில் வர்றது வேண்டாம், ஆன்டெனா வச்சது.

போன் ஹாட்ஸ்பாட் போடுறவங்க 5 கிகாஹெர்ட்ஸில் போடுங்க. ராத்திரி வைஃபை சரியில்லைன்னு தளத்தில பத்து பேர் 2.4 ஹாட்ஸ்பாட் போட, இருக்கிற வைஃபையும் சாகும்.

வெளி ஹார்டு டிஸ்கை லேப்டாப்பின் யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகி வச்சிருந்தா 2.4 அலைவரிசையில் இரைச்சல் போடும். ப்ளூடூத் ஹெட்செட் விக்குறதும் இதனாலதான் பாதி நேரம். டிஸ்கை ஒரு அடி தள்ளி வைங்க.

இரும்பு பீரோவை வராந்தா பக்கத்துச் சுவரில் சாத்தி வச்சிருந்தா எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்க. இலவசம்.

லாகின் பக்கம் வரலைன்னா ஆண்ட்ராய்டில் "ப்ரைவேட் டிஎன்எஸ்", விபிஎன் ரெண்டையும் அணைச்சிட்டு நெவர்எஸ்எஸ்எல்.காம் திறங்க. "மூணு டிவைஸ் தாண்டிட்டீங்க"ன்னு சொன்னா ஐபோனில் அந்த வைஃபைக்கு மட்டும் பிரைவேட் முகவரியை "ஃபிக்ஸ்டு" ஆக்குங்க, "ரொடேட்டிங்"ல இருந்தா மாறிக்கிட்டே இருக்கும்.

சுவரில் சாக்கெட் இருந்தா சொந்த ரவுட்டரை ஏபி மோடில் (முகவரி வழங்காம வைஃபை மட்டும் கொடுக்கிற முறை) மட்டும். ஆனா அது ஹாஸ்டல் விதியில் அனுமதியான்னு கேட்டுட்டு.

---

பிடிஎம்_வாசி:

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். 40 பேர் இருக்கிற பிஜிக்கும் (பேயிங் கெஸ்ட் விடுதி) இதே கணக்கா? வீட்டுக் கனெக்ஷன் ஒண்ணுதான் வச்சிருக்கோம், கம்பெனிக்காரங்க கொடுத்த ரவுட்டர்.

---

ராம்நாடு_ரவுட்டிங்:

அந்த ரவுட்டர் 20, 30 கருவிக்கு மேல் தாங்காது ஐயா. அதன் வைஃபையை அணைத்துவிட்டு, மாடிக்கு இரண்டு ஆக்சஸ் பாயின்ட், பின்னால் ஒரு சின்ன மைக்ரோடிக். வீட்டுத் திட்டத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று படித்துப் பாருங்கள். முறைப்படி செய்ய 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் இருக்கிறது, அதில் பொது டேட்டா அலுவலகம் நடத்தத் தனி உரிமம் வேண்டாம். யார் எந்த நேரம் எந்த முகவரியில் இருந்தார் என்ற பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு, அதன் கீழ் வரும் நிறுவனங்கள் 180 நாள் பதிவு வைக்க வேண்டும் என்கிறது. உங்கள் பிஜி அதற்குள் வந்தாலும் வராவிட்டாலும், போலீஸ் வந்து கேட்டால் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

---

கேபிள்_கந்தன்:

பெட்டிக் கணக்குக்கு வர்றேன்.

மொத்தம் 96 ரூம். நாலு ரூமுக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட்: 12 பேர், 24 கருவி சுமார். ஆக 24 வேணும், 12 இருக்கு, இன்னும் 12. புதுசு வைஃபை 6, ரெண்டு ஆன்டெனா வகை போதும். நாலு ஆன்டெனா மாடல் விலைதான் ஏறும், போனுக்கு இருக்கிறதே ரெண்டு. ஆளுக்கு 600னு ஒரு செமஸ்டர் வசூல் 1,72,800 ரூபாய். அதே காசை ஒரு தடவை இதில போட்டா அடுத்தடுத்த செமஸ்டருக்கு வசூலே வேண்டாம். விலையை பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மூணு கடையில் எழுதி வாங்கி ஒப்பிடுங்க.

எல்லாம் ரூமுக்குள்ள போகணும். வராந்தாவில் இருக்கிற பழைய 12ஐயும் கழட்டி ரூமுக்குள்ள மாத்துங்க. ஒரு தளத்தில் 2, 6, 10ன்னு ரூம் எடுத்தா மேல் தளத்தில் 4, 8, 12ன்னு தள்ளி எடுங்க, நேர் மேல நேர் கீழ வரக்கூடாது. 24 ஆகும்போது சேனல் பத்தாதேன்னு யோசிக்க வேண்டாம். தரைத்தளத்துக்கு ஆறு சேனல், 1ஆம் மாடிக்கு மத்த ஆறு. 2ஆம் மாடிக்குத் தரைத்தளத்து ஆறு, 3ஆம் மாடிக்கு 1ஆம் மாடியோடது. நடுவில ரெண்டு கான்கிரீட் தளம் இருக்கும், தாங்கும். 2.4ஐப் பாதி பெட்டியில் அணைச்சிடுங்க. எந்த ரூமில் மாட்டுறீங்களோ அந்த ரூம்காரங்க விளக்கு கண்ணைக் குத்துதுன்னு துண்டு போட்டு மூடுவாங்க, கன்ட்ரோலரில் எல்இடி அணைக்கிற வசதி இருக்கு, முதல் நாளே அணைச்சிடுங்க.

கேபிள்: ஒரு புள்ளிக்கு சராசரி 40 மீட்டர் வச்சா 12க்கு 480 மீட்டர். 305 மீட்டர் பெட்டி ரெண்டு. பழசை நகர்த்த வேண்டிய இடத்தில நடுவில முடிச்சுப் போடாம புதுசா இழுக்கணும், அதுக்கு இன்னும் ஒரு பெட்டி வச்சுக்கங்க. சுத்தச் செம்பு கேட்-6, 23 கேஜ். சிசிஏன்னு அச்சடிச்சிருந்தா அது அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம். கம்பியை பிளேடால் சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். அதில பிஓஇ (நெட் கம்பி வழியாவே ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போற) கரன்ட் போனா கம்பி சூடாகி வோல்டேஜ் விழுந்து ஆக்சஸ் பாயின்ட் ராத்திரி லோடுல மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், யாருக்கும் காரணம் புரியாது. ஸ்விட்ச்சிலிருந்து சுவர் வரை 90 மீட்டர், பேட்ச் கார்டெல்லாம் சேர்ந்து 100க்குள்ள. உங்க கட்டடத்துக்கு அது தாராளம்.

ஸ்விட்ச்: வைஃபை 6 பெட்டிக்கு பெரும்பாலும் பிஓஇ-பிளஸ் கேட்கும். 24 பெட்டிக்கு ஒண்ணுக்கு 13 வாட் வச்சாலும் 312 வாட். அதனால 24 போர்ட், 370 வாட் பிஓஇ பட்ஜெட் உள்ளது, மேல போக ரெண்டு எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்டுற) போர்ட்டோட. "24 பிஓஇ போர்ட்"னு மட்டும் பார்த்து 190 வாட் பெட்டி வாங்கினா பதினஞ்சாவது ஆக்சஸ் பாயின்ட் எரியாது.

கரன்ட் போனா நெட்டும் போகுதா? மொத்த லோடு 350 வாட் சுமார். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி ஒண்ணோட ஒரு வீட்டு இன்வெர்டர் மூணு மணி நேரம் ஓட்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூணும் அதிலயே இருக்கணும். ஒண்ணு வெளிய இருந்தாலும் பிரயோஜனமில்லை.

எழுத்தில் கொடுக்கும்போது கையெழுத்துப் போடுற நிபந்தனையா இதைச் சேருங்க: வேலை முடிஞ்சதும் பகல்ல இல்லை, ராத்திரி 10 மணிக்குக் கமிட்டி எடுக்கிற அளவுதான் கணக்கு. எல்லா ரூமிலும் கதவு சாத்தி, கட்டில் தலைமாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் −65 அல்லது அதுக்கு மேல. கேட்வே பிங் 20க்குள்ள, ஐந்து நிமிஷத்தில் இழப்பு 1%க்குள்ள. கன்ட்ரோலர், ரவுட்டர் ரெண்டோட அட்மின் பாஸ்வேர்டும் சேனல் வரைபடமும் ஹாஸ்டல் கையில். கடைசி 10% பணம் இதுக்கப்புறம்.

---

நான்காம்_செம்:

சேனலையும் ரேட்டையும் இன்னைக்கு மதியம் சீனியர் அக்கா ஒருத்தர் மாத்திட்டாங்க, லீஸ் பக்கத்தில் சரியா 253 இருந்துச்சு. /22 ஆக்கியாச்சு. இப்போ ராத்திரி 10:20, வராந்தாவில் கேட்வே 6லிருந்து 25. கடைசி ரூம் இன்னும் மோசம்தான். மீதியை அப்படியே கடிதத்தில் போடுறோம்.

ஒரே ஒரு கேள்வி: பக்கத்து மெஸ் கட்டடத்துக்கும் கனெக்ஷன் வேணுமாம், 60 மீட்டர். கேட்-6 வெளியால இழுத்துடலாம்னு ஆபீஸில் சொல்றாங்க.

---

கேபிள்_கந்தன்:

தூரம் சரி, ஆனா வேண்டாம். ரெண்டு கட்டடத்துக்கு நடுவில செம்புக் கம்பி போனா ஏப்ரல், மே மாச இடி மின்னலில் ரெண்டு பக்க ஸ்விட்ச் போர்ட்டும் கருகும். பக்கத்தில எங்கயோ விழுந்தாலே போதும். ரெண்டு கட்டடத்து எர்த்தும் வேற வேறயா இருந்தா இடி இல்லாமலே தொல்லை வரும். நாலு கோர் சிங்கிள்-மோடு அவுட்டோர் ஃபைபர், எஃகுக் கம்பிக் கவசம் இல்லாத வகையா, பைப்புக்குள்ள. ரெண்டு பக்கமும் கிகாபிட் எஸ்எஃப்பி. ரெண்டு கோரில் ஓடும், ரெண்டு மாற்றுக்கு. முனையை ஸ்ப்லைஸ் பண்ண ஆளைக் கூப்பிடும்போது நாலையும் சேர்த்தே பண்ணச் சொல்லுங்க, அப்புறம் ரெண்டுக்காகத் திரும்பக் கூப்பிட்டா வர்ற கூலி தனி.